பூட்டுக்காரியின் செங்கல்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் அரைச் செங்கல் கனம்தான். கட்டினவன் காசை மிச்சம் பிடித்தான். எனக்குச் செய்தி மிச்சமில்லாமல் வந்து சேர்கிறது. அதனால் பக்கத்து வீட்டுப் பூட்டுக்காரி புது போன் வாங்கப் போகிற விஷயம் அவள் புருஷனுக்குத் தெரிந்த அதே நிமிடம் எனக்கும் தெரிந்துவிட்டது. காதை வைத்துக் கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடியிருந்தேன், அவ்வளவுதான்.

அவள் கடைத்தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடையின் வாசல் ஓரம் உட்கார்ந்து மாற்றுச் சாவி வெட்டுகிறவள். மிஷின் கடைக்காரருடையது, ஸ்டூல் கடைக்காரருடையது, அவள் கொட்டாவி விட்டால் அதிலும் அவருக்குப் பங்கு உண்டு. சொந்தமாக ஒரு போர்டு மாட்ட வேண்டும் என்று அவளுக்குப் பல வருஷமாக ஆசை. அதற்கு ஒரு வாசல் திறந்தது, ஆஸ்பத்திரி நர்சுகள் தங்குகிற விடுதியில்.

அந்த விடுதி வார்டனம்மா ஒரு காலத்தில் தலைமை நர்சாக இருந்தவர். இப்போதும் பேசினால் ஊசி போடுகிற மாதிரிதான் இருக்கும். "ஒரு மாசம் பாக்குறேன்" என்றிருக்கிறார். "பொண்ணுங்க ஷிப்ட் முடிஞ்சு எப்ப வேணாலும் வருவாங்க. சாவியை வார்டுல விட்டுட்டு வருவாங்க. கூப்பிட்டா போனை எடுக்கணும், வந்து நிக்கணும். ஒழுங்கா இருந்தா மொத்த விடுதிப் பூட்டு வேலையும் உனக்குத்தான்."

முதல் வாரம் ஒழுங்காகத்தான் போயிற்று. அடுத்த வாரம் ஒரு நர்சுப் பெண் மழையில் தெப்பலாக நனைந்து வந்து சாவி இல்லாமல் அறை வாசலில் நின்றாள். வார்டன் போன் போட்டார், போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். இங்கே இவள் போன் மத்தியானமே செத்துக் கிடந்தது.

"இன்னொரு தடவை உன் போன் செத்துக் கிடந்துதுன்னா, நீயும் அதுக்குப் பக்கத்துலயே படுத்துக்கோ, இங்க வராதே" என்றாராம் வார்டன்.  பூட்டைத் திறக்க முடியாமல் அவள் என்றைக்கும் தோற்றதில்லை. போன் எடுக்காமல் தோற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவள் புருஷனைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. நான் வைத்த பெயர் மின்சார மந்திரி. ஓர் அறையை விட்டு வெளியே வந்தால் அந்த அறையில் ஒரு சுவிட்சும் போட்டபடி இருக்கக் கூடாது. உள்ளே ஆள் உண்டா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். ஒருமுறை நான் அவர்கள் வீட்டில் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே விளக்கு போய்விட்டது.

"உள்ள நான் இருக்கேன்" என்றேன்.

"இருங்க அக்கா, நல்லாக் கழுவுங்க. கை எங்க இருக்குன்னு தெரிய வெளிச்சமா வேணும்?" என்றார் வெளியிலிருந்து.

படுக்கப் போகும் முன் தினமும் வீடு முழுக்க ஒரு ரவுண்டு போவார். சமையலறையில் டக், கூடத்தில் டக் டக், அப்புறம் படுக்கையறையில் ஒன்று. அந்தச் சத்தம் கேட்டால்தான் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் தூக்கம் வரும். கெட்ட மனுஷர் இல்லை. பெண்டாட்டி மேல் உயிர். அவள் களைத்து வந்தால் அவள் போனை வாங்கி இவரே சார்ஜில் போடுவார். தன் போனை மட்டும் வீட்டில் போட மாட்டார், ஆபீஸ் கரண்டில்தான்.

போன் வாங்குகிற விஷயத்தில் ஆலோசனை சொல்ல அவளுடைய தம்பி வந்தான். போன் கடையிலேயே வேலை செய்கிறவன், சட்டைப் பையில் எந்நேரமும் மூன்று பேனாவும் ஒரு சிரிப்பும் வைத்திருப்பான். எனக்கும் போனுக்கு ஒரு உறை வாங்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். உறை வாங்கவில்லை, அது வேறு விஷயம்.

"அக்கா, இதைப் பாரு" என்று ஒன்றை நீட்டினான். "நிலாவை எடுத்தா அதுல இருக்குற பள்ளம்கூடத் தெரியும்."

"எனக்கு சாவித் துவாரத்துல இருக்குற பள்ளம் தெரிஞ்சாப் போதும்."

"எவ்வளவு மெலிசு பாரேன். பாக்கெட்ல இருக்குறதே தெரியாது."

"தெரியாம ஸ்டூல்ல உக்காந்து உடைக்கவா? டார்ச்சைக் காட்டு."

காட்டினான். அவள் குனிந்து மேசை இழுப்பறையின் துவாரத்துக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். ஒன்றில் வெளிச்சம் பட்டுக் கண் கூசியது, ஒன்றில் பக்கவாட்டில் போயிற்று. அப்புறம், வேலை நேரத்தில் இருக்கிற மாதிரி கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு திரையைத் தொட்டாள். எண்ணெயை டப்பாவில் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். தம்பி கடைக்குள் யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் திரும்பினான்.

"மணி எவ்வளவு சத்தமா அடிக்கும்? மிஷின் ஓடும்போது கேக்கணும்" என்றவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க கொஞ்சம் மிஷின் மாதிரி கத்துங்களேன்."

அக்கம்பக்கத்து உதவி என்றால் நான் பின்வாங்குகிறவள் இல்லை. கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது. அதையும் மீறி ஒரு போன் அலறியது, மூலையில் யாரும் சீந்தாமல் கிடந்த ஒன்று. தடியாக, மண் நிறத்தில், நான்கு முனையிலும் ரப்பர் வைத்து.

"அது கட்டட வேலைக்காரங்க வாங்குறது அக்கா" என்றான் தம்பி அவசரமாக. "பாக்க லட்சணமா இருக்காது. ஆனா பேட்டரி மட்டும் ரெண்டு நாள் தாங்கும்."

அவளுக்கு அதைச் சேலைமேல் மாட்டியிருந்த வேலைச் சட்டையின் பையில் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. போன் மேசையோடு ஒரு கம்பியால் பூட்டியிருந்தது. தம்பி சாவி எடுத்துவரப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் இவள் தலையிலிருந்த ஊசியை எடுத்துப் பூட்டைக் கழற்றி, போனைப் பையில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் வேலை போயிடும்" என்றான் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு.

"இந்தப் பூட்டை வாங்கிப் போட்டவன் வேலை போகட்டும். இதையே பில் போடு."

அதற்குச் செங்கல் என்று பெயர் வைத்தது நான்தான். கீழே போட்டால் தரைக்குத்தான் காயம். இரண்டு நாள் அவள் நடையே மாறிவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் செங்கல் செத்தது. நல்ல காலம், விடுதியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் மத்தியானமே சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது.

தம்பி வந்தான், வைத்தியம் ஆரம்பித்தது. வெளிச்சத்தைக் குறைத்தான். இடம் காட்டுகிறதை நிறுத்தினான். பின்னால் ஓடுகிறது என்று ஏதேதோ அணைத்தான். "புது பேட்டரி பழக நாள் ஆகும் அக்கா" என்றான். கையோடு தூக்கிப் போகிற சார்ஜர் ஒன்று வாங்கு என்றான். "ஒரு செங்கலே பாரம், இன்னொண்ணு எதுக்கு?" என்றாள். இரும்புக் கடையில் போட்டுக்கொள்ளலாம் என்றால் கடைக்காரர் பிளக்குக்கும் வாடகை கேட்பார். கடைசியில் அந்தப் போன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிற நோயாளி மாதிரி ஆயிற்று. யாரும் தொடக் கூடாது, வெளிச்சம் கூடாது. எதற்காக வாங்கினாளோ அந்த டார்ச்சைக்கூட எரிக்காமல், தனியாக ஒரு பழைய டார்ச்சைத் தூக்கிக்கொண்டு போனாள். பார்த்தால் பேட்டரி இறங்கும் என்று காலையில் எத்தனை சதவீதம் என்றுகூடப் பார்க்க மாட்டாள்.

மந்திரியும் சும்மா இருக்கவில்லை. "நீ அலைஞ்சுட்டு வர்ற. சார்ஜ் போடுறதை நான் பாத்துக்குறேன், நீ மறந்துடுவே" என்று பொறுப்பை முழுசாகத் தன் தலையில் போட்டுக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும் முதல் வேலையாக சமையலறை அலமாரி மேல் போனை வைத்து ஒயரைச் சொருகுவார். எனக்குச் சுவர் வழியே கேட்கும். நானும் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் விடியற்காலையிலேயே விடுதிக்குப் போய் இரண்டு கதவைத் திறந்துவிட்டு வந்து படுத்திருந்தாள். "நான் போட்டுட்டேன், நீ தூங்கு" என்று மந்திரி சொல்வது கேட்டது. கொஞ்ச நேரத்தில் டக், டக் டக், டக். காய்கறி வாங்கக் கிளம்பிவிட்டார். எனக்குக் கொஞ்சம் சர்க்கரை தேவைப்பட்டது. என் டப்பா நிறைய இருந்தது, ஆனாலும் தேவைப்பட்டது. அவர்கள் வீட்டுக் கதவைத் தள்ளினால் திறந்துகொள்ளும். ஊருக்கெல்லாம் பூட்டு பார்க்கிறவள் வீட்டுப் பூட்டு மாதக்கணக்கில் ரிப்பேர்.

சமையலறைக்குள் போனேன். அலமாரி மேல் செங்கல் இருந்தது. ஒயர் இருந்தது. பிளக் சுவரில் இருந்தது. போனில் மட்டும் சார்ஜ் ஏறுகிற அடையாளத்தைக் காணோம். பிளக்குக்கு மேலே பார்த்தேன். சுவிட்ச் அணைந்திருந்தது.

எத்தனை ராத்திரி அந்த முதல் டக்கைக் கேட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன். சாப்பாடு முடிந்ததிலிருந்து ரவுண்டு வரைக்கும் ஏறுகிற கொஞ்சம் சார்ஜை வைத்துக்கொண்டுதான் அந்தப் பாவப்பட்ட செங்கல் மறுநாள் மத்தியானம் வரை ஓடியிருக்கிறது. அதற்கு முந்தின பழைய போனும் அப்படித்தான்.

நான் வாயைப் பிளந்து நிற்கும்போதே போன் அலறியது. திரையில் வார்டன். மூலையில் சிவப்பாக இரண்டு சதவீதம். சுவிட்சைப் போட்டேன். அவளைத் தூக்கத்திலிருந்து பிடித்து இழுத்து வந்தேன். ஒயர் குட்டை. அலமாரியோடு காதை ஒட்டவைத்துக்கொண்டு பேசினாள்.

"பால் அடுப்புல இருக்காம். ஒரு பொண்ணு துணி எடுக்க வெளிய வந்திருக்கா, கதவு சாத்திக்கிச்சு. கதவுக்கு அடியில புகை வருதாம்" என்றாள் என்னிடம். "அக்கா, நான் கிளம்புற வரைக்கும் போனை சார்ஜ்லேருந்து எடுக்காதீங்க."

அவள் கருவிப் பையை எடுத்து, செருப்பு மாட்டி, ஸ்கூட்டர் சாவியைத் தேடி முடிப்பதற்குள் ஏழு வரை ஏறியிருந்தது. சாவிக்காரி சாவி தேடுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும். நான் போனோடு பின்னால் ஏறிக்கொண்டேன். வழியில் வார்டன் இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டு தடவையும் நான் எடுத்தேன். "வந்துட்டோம்" என்றேன். பாதி தூரம்தான் வந்திருந்தோம்.

கரண்ட் அடுப்பு என்பதால் விடுதியில் மெயின் சுவிட்சை அணைத்துவைத்திருந்தார்கள். நடை இருட்டாக, தீய்ந்த பால் நாற்றத்தோடு இருந்தது. அவள் பழைய டார்ச்சை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, செங்கல்ல டார்ச்சைப் போடுங்க. துவாரத்துக்கு நேரா. கையை ஆட்டாதீங்க."

ஆட்டாமல் இருக்க என்னால் முடியுமா? ஆனாலும் வெளிச்சம் நேராகத்தான் விழுந்தது. அன்றைக்குக் கடையில் அவள் இழுப்பறைக்குள் குனிந்து பார்த்தது எதற்கென்று அப்போது புரிந்தது. நர்சுப் பெண் சுவரில் சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரி கம்பியை உள்ளே விட்டுத் திருப்பினாள். பூட்டு க்ளிக் என்றது. பால் சட்டி கரியாகியிருந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

ஜன்னலைத் திறந்து புகையை விரட்டிய பிறகு வார்டன் வந்து நின்றார். "இவ்வளவு சுருக்கா வரத் தெரிஞ்சவ, அன்னிக்கு ஏன் போனை எடுக்கல?"

நான் நாலு காரணம் தயாராக வைத்திருந்தேன். அவள் உண்மையையே சொன்னாள். வரும் வழியில் நான் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து காதில் ஓதியதை அப்படியே. "என் வீட்டுக்காரர்தான் சார்ஜ்ல போடுவாரு. அப்புறம் அவரே சுவிட்சையும் அணைச்சிடுவாரு. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

 வார்டனின் ஊசி முகத்தில் சிரிப்பு வருவதற்குச் சிரமப்பட்டது, ஆனால் வந்தது. "அவரை இங்க அனுப்பு. இந்தப் பொண்ணுங்க அணைக்காமப் போற ஃபேனையெல்லாம் அவர் பாத்துக்கட்டும். பூட்டெல்லாம் நீ பாத்துக்கோ. மாசம் முடியட்டும்னு நான் காத்திருக்கப் போறதில்ல."

வீட்டுக்கு வந்தால் மந்திரி காய்கறிப் பையோடு நின்றிருந்தார்.

"என்னங்க, போனை சார்ஜ்ல போட்டது யாரு?"

"நான்தான். தினம் நான்தானே போடுறேன்" என்றார் பெருமையாக.

"சுவிட்சு?"

"போட்டுட்டுத்தான் வெச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரவுண்டு போயி..." அதோடு நின்றுவிட்டார். சுவரைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். "அந்த நனைஞ்ச பொண்ணு. அன்னிக்கும் நானா?" என்றார்.

 அவள் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு, "வெண்டைக்காயை முத்தலாப் பாத்து வாங்கியிருக்கீங்க" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. நான் எவ்வளவோ நேரம் சர்க்கரைக் கிண்ணத்தோடு காத்திருந்தேன்.

இப்போது சமையலறையில் அந்த ஒரு சுவிட்சுக்கு மட்டும் தகரத்தில் ஒரு மூடி போட்டு, சின்னப் பூட்டு ஒன்று தொங்கவிட்டிருக்கிறாள். பழைய போனை எனக்குக் கொடுத்துவிட்டாள். என் வீட்டு சார்ஜில் ராத்திரி வரை ஓடுகிறது, அதை அவளிடம் நான் சொல்லவில்லை. செங்கல் இப்போது டார்ச், மணி எல்லாம் போட்டுக்கொண்டு இஷ்டத்துக்கு வாழ்கிறது. இரும்புக் கடைக்கு எதிரில் போர்டுக்கு அளவு எடுத்துப் போயிருக்கிறார்கள், போன் நம்பர் பெரிசாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். ராத்திரி ரவுண்டு தொடர்கிறது. சமையலறையில் மட்டும் டக்குக்குப் பதிலாக விரல் தகரத்தில் தட்டுகிற ஒரு சத்தம், ஒரு பெருமூச்சு, அப்புறம் கூடம்.

பூட்டின் சாவி என்னிடம் இருக்கிறது. நேற்று மந்திரி வாசலில் வந்து நின்றார். "அக்கா, அந்தச் சாவியை ஒரு நிமிஷம் குடுங்க. போன் நூறு ஆயிடுச்சு. இனிமே கரண்டு சும்மாதானே ஓடுது."

"நூறு ஆனா அதுவே நிறுத்திக்குமாம், உங்க மச்சான் சொன்னான்" என்றேன்.

"அது நிறுத்துதான்னு எப்படித் தெரியும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். சாவியை மட்டும் கொடுக்கவில்லை.