ஒரு விரலில் திறக்கும் தாடை

வெயில் ஏறிவிட்டால் ரெசின் பசை யாருக்காகவும் காத்திருக்காது. பிரஷ்ஷிலேயே இறுகிப் போய்விடும். அதனால் திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டை ஒட்டியிருந்த அந்தத் தகரக் கொட்டகையில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். விருத்தாசலம் அச்சுக்குள் மெழுகு தேய்த்து, கண்ணாடி நார்த் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பரப்பி, ரெசினை அழுத்தி அழுத்திப் பூசுவான். அந்த நெடி மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இறுகிய ஓட்டை அச்சிலிருந்து அவன் உரித்துக் கொடுத்ததும் பெண்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். பறக்கும் தூள் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத முள் அது, குளித்தாலும் போகாது. அவர்களில் ஒருத்தியான அம்மணி வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் முன் மாராப்பை உதறு உதறென்று உதறுவாள். அப்படியும் பிள்ளை முகத்தைச் சுளித்து அழும்.

ஹெல்மெட் செய்கிற இடம் அது. ஊரான் தலையைக் காப்பாற்றுவதற்காக இவர்கள் தங்கள் தோலைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி சுப்பராயலு அதுவரை சாதாரண ஹெல்மெட்தான் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். எண்பத்தாறாம் வருஷம் தை மாதத்தில், துபாயிலிருந்து கோட்டக்குப்பத்துக்கு லீவில் வந்த ஒருவரிடம் ஒரு சீமை ஹெல்மெட்டை வாங்கி வந்தார். முகம் முழுவதையும் மூடுகிற ஹெல்மெட். ஆனால் முகவாய்க்கு நேரே ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தித் தூக்கினால் முன்பகுதி மொத்தமும், கண் மறைக்கும் கண்ணாடியோடு சேர்ந்து, நெற்றிக்கு மேலே போய் நின்றது. கொட்டகையே வாயைப் பிளந்தது.

"பாத்துக்குங்க. டீ குடிக்கலாம், வெத்தல போடலாம், மூக்குக் கண்ணாடி மாட்டிக்கலாம், போலீஸ்காரன் நிறுத்துனா மூஞ்சியக் காட்டலாம். எதுக்கும் கழட்ட வேணாம். மெட்ராஸ்ல கூட எவன்கிட்டயும் இல்ல இது," என்றார் சுப்பராயலு.

பழகிப்போன பிறகு வேலைக்காரர்கள் மேல் ஓட்டுக்கு மண்டை என்றும், எழும்புகிற பகுதிக்குத் தாடை என்றும் பேர் வைத்தார்கள். தாடையின் உட்புறம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கிகள். மூடும்போது அவை மண்டையில் இருக்கும் முளைகளைக் கவ்விக்கொள்ளும். சீமைச் சரக்கில் அந்தக் கொக்கிகள் எஃகு. சுப்பராயலு மெட்ராஸில் நைலான் கொக்கி வார்த்துக்கொண்டு வந்தார்.

"இது தாங்குமா மொதலாளி?" என்று விருத்தாசலம் கேட்டான்.

"உள்ள கெடக்கறது எவன் கண்ணுக்குத் தெரியப்போவுது? நீ மண்டையப் பாரு."

நைலான் கொக்கி கவ்வினால் லேசில் விடவில்லை. திறக்க வரவில்லை என்று கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். எஃகுக்குப் போக வேண்டிய மனுஷன் அரத்தை எடுத்துப் பெண்கள் கையில் கொடுத்தார். கொக்கியின் நுனியை ராவு, ஒரு விரலில் திறக்கும்வரை ராவு என்றார். அன்று முதல் கொட்டகையில் ஒரு பரீட்சை வந்தது. மூடிய ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு சுண்டு விரலால் தூக்கிப் பார்க்க வேண்டும். எழும்பினால் பாஸ். எழும்பாவிட்டால் சரக்கு மடிக்கே திரும்பி வரும், அந்த வேலைக்குக் கூலி கிடையாது. தாடை திறக்கிறதா என்று பார்க்க அத்தனை பேர் இருந்தார்கள். மூடினது மூடினபடி நிற்குமா என்று பார்க்கத்தான் ஒருத்தரும் இல்லை.

அந்த வேலையில் கை சுத்தம் பாஞ்சாலிக்குத்தான். அவள் ராவின கொக்கி மடிக்குத் திரும்பி வந்ததே இல்லை.

அவள் புருஷன் கண்ணையன்தான் கம்பெனி மோட்டார் சைக்கிளில் கடை கடையாகப் போய் ஹெல்மெட்டைக் காட்டுகிறவன். முன்பு மல்லாட்டைக் கடலை உடைக்கிற மில்லில் இருந்தபோது மிஷின் அவனுடைய இடது கைக் கட்டைவிரலையும் அடுத்த விரலையும் தின்றுவிட்டது. சுப்பராயலு அவனை இந்த வேலைக்கு எடுத்தது இரக்கத்தினால் அல்ல. "இவன் கையாலயே தொறக்குதுன்னா ஒங்க கையால தொறக்காதா?" என்று கடைக்காரர்களிடம் சொல்லத்தான். வலது கை ஆக்சிலேட்டரை விடாமல் இடது கையாலேயே கண்ணையன் திறந்து காட்ட வேண்டும். அவனுக்கு அதில் வெட்கமும் இருந்தது, பெருமையும் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் டீ குடிப்பான். கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும்.

ஒருநாள் அவன் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தான்.

"வெரலு வழுக்கினு பூடுச்சு பாஞ்சாலி. விழுப்புரத்துல கடைல இருந்தவனுங்க எல்லாம் சிரிச்சிட்டானுங்க."

"அதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்கற? குடு இங்க."

மறுநாள் சோற்று வேளையில் எல்லோரும் சாப்பிடும்போது அவள் மட்டும் அரத்தோடு உட்கார்ந்தாள். மற்ற கொக்கிகளைவிட அவனுடையதை இன்னும் கொஞ்சம் ராவினாள். இன்னும் கொஞ்சம். அவனுக்கு மிச்சமிருந்த விரல்களுக்கு ஏற்றபடி. அவன் போட்டுப் பார்த்து, தாடை மேலே எழும்பியதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"அடியே, பூவு மாதிரி தொறக்குது!"

ஆவணியில், ஒலக்கூருக்கு இந்தப் பக்கம், வண்டிச் சக்கரம் ஏறி உதிரட்டும் என்று ரோட்டில் கேப்பைக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். வழக்கமாகச் செய்கிறதுதான். எதிரே மாட்டு வண்டி திரும்பியது. கண்ணையன் பிரேக் போட்டான், கதிரில் சக்கரம் வழுக்கியது. அவன் முகங்குப்புற விழுந்து சாலையில் இழுபட்டான்.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது உயிர் இல்லை. மண்டையில் ஒரு கீறல் இல்லை. முகம்தான் இல்லை.

ஹெல்மெட் தாடை திறந்தபடி பெஞ்சின் மேல் இருந்தது. பாஞ்சாலி அதை எடுத்து மூடினாள். டக்கென்று கவ்வியது. பக்கவாட்டில் முஷ்டியால் லேசாக ஒரு குத்து குத்தினாள். திறந்துகொண்டது. மறுபடி மூடினாள், மறுபடி குத்தினாள். அம்மணி வந்து பிடுங்குகிறவரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

"நான்தான் ராவனேன். எங்கையாலயே ராவனேன்," என்றாள். அதற்குப் பிறகும் அழவில்லை. கருமாதி வரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

கருமாதி முடிந்து அவள் வேலைக்கு வந்தாள். வராமல் எப்படி? அடுப்பு துக்கம் பார்க்குமா?

அன்று சரக்கு ஏற்ற லாரி வந்து வாசலில் நின்றிருந்தது. சுப்பராயலு அவசரத்தில் இருந்தார்.

"வாம்மா. ஒக்காரு. நடந்தது நடந்துபோச்சு. ஜல்தியா மிச்சக் கொக்கியெல்லாம் ராவிக் குடு, லாரி நிக்குது."

பாஞ்சாலி உட்கார்ந்தாள். அரத்தை எடுத்தாள். கொக்கியை விரலிடுக்கில் வைத்தாள். கை நகரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த விருத்தாசலம் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு எழுந்து வந்தான்.

"மொதலாளி, இந்தக் கொக்கி வேணாம். எஃகுல போடுங்க. வித்ததையும் திருப்பி வாங்கிடுங்க. இவளுக்கும் ஏதாவது ஒரு வழி பண்ணுங்க."

"எஃகுல போட்டு அந்த வெலைய எவன் தலையில கட்டறது? நீயா வாங்குவ?"

"ஒரு உசுரு போயிருக்குதுங்க."

"அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?" சுப்பராயலுவின் குரல் ஏறியது. "கம்பெனி கொக்கி கம்பெனி சொன்ன அளவுல இருந்துச்சு. இவ அளவு மீறி ராவுனா. நானா சொன்னேன்? ஆஸ்பத்திரில அவ வாயாலயே சொன்னா, என் கையாலதான் ராவனேன்னு. போலீசுலயும் அதத்தான் சொல்லியிருக்கேன். அப்படியும் வேலைய விட்டுத் தூக்காம வெச்சிருக்கேன் பாரு, அது என் நல்ல மனசு."

பாஞ்சாலியின் தலை குனிந்துகொண்டே போனது. கட்டின புருஷனைத் தானே கொன்றோம் என்று ராத்திரியும் பகலும் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது அதை ஊரறியச் சொல்லவும் ஆள் கிடைத்துவிட்டது.

அம்மணி தன் மடியிலிருந்த ஹெல்மெட்டை மூடினாள். முதலாளி முகத்துக்கு நேரே நீட்டிப் பக்கவாட்டில் ஒரு குத்து குத்தினாள். திறந்தது.

"இது நான் ராவனது," என்றாள். அடுத்ததை எடுத்தாள், குத்தினாள். அதுவும் திறந்தது. "இதுவும் நான்தான். இது அளவு மீறலங்க. நீங்க சொன்ன அளவுதான்."

பக்கத்திலிருந்தவளும் குத்திப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவளும். கொட்டகை முழுக்கத் தாடைகள் திறந்துகொண்டே வந்தன.

அம்மணிக்கு மூச்சு வாங்கியது. "பாஞ்சாலி ராவனது அவ புருஷனோட போச்சு. நாங்க ராவனது எந்த ஊர்ல, எவ புருஷன் தலையில இருக்குதோ! அவளுக்கெல்லாம் நாங்க இன்னா பதில் சொல்றது? சொல்லுங்க மொதலாளி!"

"பேஜாரு பண்ணாதீங்க. வேலை செய்ய இஷ்டமில்லாதவங்க வெளில போங்க. ஒலக்கூர்லேருந்து நாளைக்கே ஆள் கொண்டாறேன்."

"போறோம். ஆனா இந்தச் சரக்கு போவாது," என்றான் விருத்தாசலம்.

யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. சங்கமும் இல்லை, கொடியும் இல்லை. ரெசின் டப்பாவில் பிரஷ் இறுகட்டும் என்று விட்டுவிட்டு ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய் லாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். அம்மணி பாஞ்சாலியின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். டிரைவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டான். சுப்பராயலு உள்ளே போனைச் சுழற்றுகிற சத்தம் கேட்டது. போலீஸ் வரலாம், அடி விழலாம். நாளைக்குச் சோற்றுக்கு வழி என்ன என்பது அவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

வெயில் உச்சிக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளில் ஒரு ஆள் வந்தான். பின்னால் மனைவி. கூட்டத்தைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினான். அவன் தலையில் இருந்தது இவர்கள் செய்த ஹெல்மெட். விசாரிப்பதற்காகப் பட்டனைத் தட்டினான். தாடை மேலே போனது.

"இன்னா விசேஷம்? எதுக்கு ஒக்காந்துக்கினு இருக்கீங்க?"

பாஞ்சாலி எழுந்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை. வண்டியின் அருகே போய் அவன் முகத்தைப் பார்த்தாள். மீசை, வியர்வை, கன்னத்தில் ஒரு மச்சம், முழுசாக இருந்த ஒரு மனுஷ முகம். அத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"அண்ணே, அதக் கழட்டிடுண்ணே. அது நிக்காது. உழுந்தா தொறந்துக்கும். எம்புருஷன் அப்படித்தான் செத்துப் பூட்டாரு. நாங்கதான் செஞ்சோம், இந்தக் கையாலதான் செஞ்சோம். தெரியாம செஞ்சிட்டோம்ண்ணே. இனிமே செய்யமாட்டோம். நீ போறவழியெல்லாம் பாக்கறவங்ககிட்ட சொல்லுண்ணே."

அம்மணி எழுந்து வந்து அவள் பின்னால் நின்றாள். மற்ற பெண்களும் வந்து நின்றார்கள். அந்த ஆள் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பின்னாலிருந்த அவன் மனைவி பாஞ்சாலியின் பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தாள். இறங்கினாள். புருஷனின் கழுத்துப் பட்டையைத் தானே அவிழ்த்து, ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

விருத்தாசலம் லாரிக்கு முன்னால் கொஞ்சம் நகர்ந்து, அவர்கள் இரண்டு பேருக்கும் உட்கார இடம் விட்டான்.