கிழக்கு மேற்காகக் கிடந்த பிட்ச்

மைதானத்துக்கு ஐம்பது வயதாகிவிட்டதாம். அதன் வரலாற்றைப் பெவிலியன் சுவரில் எழுதப் போகிறார்களாம். "வந்து ஒரு தடவை பாத்துடுங்க" என்று கிளப் தலைவர் சொல்லியனுப்பியதும் டெய்லரக்கா கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள். டெய்லர் அவள் கணவர். போன மழைக்காலத்தில் போய்ச்சேர்ந்துவிட்டார். பட்டம் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது.

பெவிலியன் என்றால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பெயிண்டர் சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தார். குப்பைமேடாகக் கிடந்த இடத்தைத் திருத்திச் சிமெண்ட் பிட்ச் அமைத்தவர் தலைவரின் தந்தை என்றிருந்தது. அவள் மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தாள். கணவர் பெயர் மருந்துக்குக்கூட இல்லை.

"தம்பி, இரும்புக்கடையிலேருந்து உங்கப்பா சிமெண்ட் குடுத்தாரு. இல்லேங்கல. பிட்ச் போட்டது யாரு?"

"எல்லாரும் சேந்துதான்க்கா."

"எல்லாருமா? துணி அளக்குற டேப்பை எடுத்துட்டு வந்து, சேத்துல குப்புறப் படுத்து இருபத்திரண்டு கஜம் அளந்தது எல்லாருமா? சிமெண்ட் ஒட்டின டேப்புல அப்புறம் ஒருத்தர் இடுப்பையும் ஒழுங்கா அளக்க முடியல. சட்டை பிடிக்குதுன்னு வந்தவங்ககிட்டயெல்லாம் ஏச்சு வாங்கினது நான்."

அளவில் ஒரு நூல் பிசகவில்லை என்பது உண்மைதான். பிசகியது திசை. வானம் மூடிக்கிடந்த ஒரு வாரத்தில், சூரியன் எந்தப் பக்கம் இறங்கும் என்ற நினைப்பே இல்லாமல், மனிதர் கிழக்கு மேற்காகப் போட்டுவிட்டார். முதல் ஆட்டத்தன்று வானம் வெளுத்தது. சாயங்காலம் மட்டை பிடித்தவன் கண்ணில் நேராக வெயில் அடித்தது. பந்தைப் பார்க்காமலே மூன்று பேர் அவுட். அன்றிலிருந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சூரியன் மறையும்வரை ஆட்டத்தை நிறுத்திவைப்பது இந்த ஊர் வழக்கமாகிவிட்டது. வெளியூர் அணிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. அவரோ கடைசிவரை தப்பை ஒத்துக்கொள்ளவில்லை. "பிட்ச் சரியாத்தான் இருக்கு, வெயில்தான் ஓரமா வருது" என்பார். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

"சரி, உங்கப்பா பேரையே போடுங்க," என்றாள். "கிழக்கு மேற்கா போட்டதும் அவருதான்னு சேத்துப் போட்டுடுங்க."

தலைவர் பதறிப்போனார். "ஐயோ அக்கா, அது அண்ணன் பண்ணின தப்பாச்சே! ஊருக்கே தெரியும்."

"ஓஹோ. பிட்ச் உங்கப்பாவோடது, தப்பு மட்டும் எங்க வீட்டுக்காரரோடதா?"

ஏணியில் நின்ற பெயிண்டருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது.

தலைவர் தழைந்து வந்தார். "கோச்சுக்காதீங்க. தப்பை விட்டுடுவோம். உதவியவர்கள்னு கீழே ஒரு வரி போட்டு, அதுல அண்ணன் பேரையும் சேத்துக்கலாம்."

"ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணை நான் கண்ணாலயே பாக்காத அளவுக்கு இங்கேயே கிடந்தாரு. அவரு உதவினவரா?"

"அப்போ தப்போட சேத்தே எழுதிடவாக்கா?" என்றார் பெயிண்டர்.

கணவர் உயிரோடிருந்தால் இதற்காக ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்; மிஷினைத் தடதடவென்று மிதித்துக் கோபத்தைக் காட்டுவார். இப்போது அந்த மிஷின் பழைய போர்வைக்குள் கிடக்கிறது.

"எழுதுப்பா. இனிஷியலோட எழுது. கொஞ்சம் பெருசாவே எழுது."

அடுத்த ஞாயிறு ஆட்டம் நடந்தது. சாயங்காலம் வழக்கம்போல் நிறுத்தினார்கள். வெளியூர்க்காரன் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே எரிச்சலோடு வெளியே வந்தான்.

"எந்தப் புண்ணியவான்டா இதை இப்படிப் போட்டது?"

உள்ளூர் விக்கெட் கீப்பர் கையுறையைக் கழற்றாமலே சுவரைக் காட்டினான். வந்தவன் கிட்டே போய், இன்னும் கண் கூசியதால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, பெயரை இனிஷியலோடு சத்தமாகப் படித்தான். பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த டெய்லரக்கா தொட்டிப் பக்கம் பார்த்தாள். சூரியன் இன்னும் இறங்கவில்லை.

"சரியா காதுல விழலை தம்பி," என்றாள். "பேரை இன்னொரு தடவை படிங்க."