குடித்தேன் என்று சொன்னால் வேலை

என் வீட்டுக்காரர் வளவன் குடிக்கிறவர் இல்லை. மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் காண்ட்ராக்ட் வேலை. கொஞ்ச நாளாகக் காலை ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து இடது கண்ணுக்குப் பின்னால் வலி வந்துவிடும். அந்தக் கண் மட்டும் சிவந்து தண்ணீராக ஊற்றும், இமை தொங்கும். மூக்கு ஒழுகுவதும் நெற்றி வியர்ப்பதும் அந்தப் பக்கம் மட்டுந்தான். உட்காரவும் முடியாமல் தலையை முட்டிக்கொண்டு அலைவார். அந்தக் கோலத்தில் கேட்டில் போய் நின்றவரைக் குடிகாரன் என்று சொல்லி கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார் சூப்பர்வைசர் கொளஞ்சிநாதன்.

கடலூரில் நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம். கொத்துத் தலைவலி என்றார். "கண்ணீர், வேர்வை, கண்ணுப் பாப்பா சுருங்கறது, இதெல்லாம் நம்மளக் கேக்காம தானா நடக்குற நரம்பு வேலைம்மா. வலி வரும்போது அந்தப் பக்கத்து நரம்பு தறிகெட்டுப் போயிடுது." மாத்திரை கொடுத்தார். சில வாரத்தில் அடங்கிவிடும், அதுவரை ஓடுகிற பெல்ட் பக்கம் போகவே கூடாது என்றார்.

மறுநாள் காலை நானே அவரைக் கேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழியிலேயே வலி வந்துவிட்டது. வரட்டும், நல்லாப் பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.

"குடிச்சிருக்காரான்னு ஊதிப் பாக்குற மிஷினக் கொண்டாங்க சார்," என்றேன் கொளஞ்சிநாதனிடம். இவர் ஊதினார். ஒன்றும் காட்டவில்லை. "ஒரு கண்ணுதான் செவந்துகினு இருக்குது, பாருங்க. ஒரு கண்ணால மட்டும் யாருனா குடிப்பாங்களா?"

ஷிப்டுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"அப்ப நோவுன்னு சொல்ற," என்றார் கொளஞ்சிநாதன். "குடிச்சவன்னா எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்ல வெச்சி, அடுத்த வாரம் உள்ள வுட்ருவேன். நோயாளிய எப்பிடிம்மா வெச்சிக்கறது? பெல்ட்டுல வுழுந்தான்னா எவன் பதில் சொல்றது? வேற ஆளப் போட்டுக்கறேன்."

"நல்லாவுற வரைக்கும் மைன்ஸுக்குள்ள எறக்காம, மேல கூட்டிப் பெருக்குற வேலையாச்சும் குடுங்க. ஆபீசரோட மச்சானுக்கு முதுகு வலின்னா மட்டும் சேர் போட்டு உக்கார வெக்கிறீங்க?"

"அவரு பர்மனென்ட்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உடம்பு சரியில்லாமல் போவதற்குக்கூடப் பர்மனென்ட்டாக இருக்க வேண்டுமா? கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் கண்ணைப் பொத்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"அவ சொல்றத வுடுங்க சார். நான் குடிச்சிட்டுத்தான் வந்துகினு இருந்தேன். இனிமே குடிக்க மாட்டேன். தப்புதான் சார்."

மிஷின் இன்னும் கொளஞ்சிநாதன் கையில்தான் இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, "திங்கக்கெழம வா," என்றார்.

திங்கட்கிழமையும் அந்த வலி வரும். இவர் ஓடுகிற பெல்ட் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார். அதைச் சொல்லித்தான், இவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, அந்த கேட் அதிரக் கத்தினேன். குடிகாரன் பொண்டாட்டி கத்துகிறாள் என்று எல்லோரும் ஒதுங்கி உள்ளே போனார்கள்.