யார் ஓட்டுவது

சாலை வளைவு திரும்பியதும் தூரத்தில் நீல விளக்குகள் சுழல்வது தெரிந்தது. ஒபெலியா சட்டென்று வண்டியை ஓரங்கட்டினாள்.

"மிஸ் வெர்னா, போலீஸ்."

வெர்னாவின் மடியில் கோழியும் சீஸும் வைத்துச் சுட்ட பண்டம் தட்டோடு சூடாக இருந்தது. தேவாலயத்தில் நடக்கும் சாவுச் சாப்பாட்டுக்கு.

வெர்னா வீட்டில் வேலை செய்யும் ஒபெலியாவிடம் ஓட்டுநர் உரிமமும் இல்லை, நாட்டில் தங்குவதற்கான பேப்பரும் இல்லை. அவள் ஓட்டினால் பிடித்துவிடுவார்கள், அப்புறம் மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்புவதுதான். வெர்னா ஓட்டினாலோ, பேப்பர் இல்லாதவளைத் தெரிந்தே ஏற்றிச்சென்ற குற்றம் வெர்னாவுக்கு. அலபாமாவின் புதுச் சட்டம் அப்படி. அது வரவேண்டுமென்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலய வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கியவள் வெர்னாதான். "அவங்க" என்று அன்று எத்தனையோ தடவை சொன்னாள். பக்கத்தில் எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒபெலியா அந்தச் சொல்லுக்குள் இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இறங்கு. நான் ஓட்டறேன்."

"உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாதே!"

"ஜெயிலுக்குப் போறதுக்குக் கண்ணு எதுக்குடி? இந்தத் தட்டைப் பிடி."

நீல விளக்குகளுக்குப் பக்கத்தில் வெர்னா வண்டியை நிறுத்தியதும், போலீஸ் துணை ஷெரிப் கார்லண்ட் ஜன்னல் வழியே குனிந்து பார்த்தான். சின்ன வயதில் தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் வெர்னாவிடம் படித்தவன்.

"மிஸ் வெர்னா! வாசனை தூக்குதே. யாருக்கு?"

"பெரியவர் ஹாட்லிக்கு."

"அவர் இனிமே எங்க சாப்பிடப் போறார்? எனக்குக் கொடுங்க." சிரித்துக்கொண்டே உரிமத்தை வாங்கியவன் நிறுத்தினான். "இது காலாவதியாயிடுச்சே. உங்களை ஓட்டவிட முடியாது. அந்தம்மா ஓட்டட்டும்."

"அவகிட்ட..."

உண்மையைச் சொல்லிவிட வெர்னாவின் வாய் திறந்தேவிட்டது. தன் துணிச்சலை நினைத்து ஒரு கணம் மனதுக்குள் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கும்," என்றான் கார்லண்ட். "அந்தச் சட்டத்துக்குக் கையெழுத்து வாங்கினவங்க வண்டியில பேப்பர் இல்லாதவங்களா இருப்பாங்க?"

நம்பித்தான் சொன்னானா, தெரிந்தே விட்டானா? அவன் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

இருவரும் மறுபடி இடம் மாறிக்கொண்டார்கள். ஒபெலியா மெல்ல வண்டியை நகர்த்தினாள். ஓரத்தில் தக்காளி பறிக்கிறவர்களின் லாரி நின்றது. அவர்களை ஒவ்வொருவராக இறக்கி விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாவம்," என்றாள் வெர்னா.

"அவங்க லாரியில உங்களை மாதிரி யாரும் இல்ல, மிஸ் வெர்னா."

குரலில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று வெர்னா தேடினாள். இருந்திருந்தால் கோபித்துக்கொண்டிருக்கலாம்.