மரேன் கல்யாணத்துக்கு ரை பீர்

என் மகள் மரேன் கல்யாணத்துக்கு நான்தான் பீர் காய்ச்சுவேன் என்று சொன்னதும் ஓர்வில் டெஸ்மர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பா? மீன் வறுவல் தட்டு குலுங்கச் சிரித்தார். வெள்ளிக்கிழமை என்றால் மீன் வறுவல் சாப்பிடுவது வழக்கம் என்பதால் ஷெபாய்கன் ஊரில் பாதிப் பேர் நாங்கள் இருந்த சாப்பாட்டுக் கடையில்தான் இருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுல காய்ச்சுவீங்க சம்பந்தி? அந்த டின் பாகுலயா? என் பையன் கல்யாணத்துக்குப் பாகு பீரா?"

மாப்பிள்ளை ஆண்டர்ஸின் அப்பா அவர். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கென்று எங்கள் ஊரில் ஒரு சங்கம் உண்டு. பதினோரு வருடமாக அதில் அவர் வைத்ததுதான் சட்டம். வாங்கிய மெடல்களையெல்லாம் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். நானோ ஒன்பது வருடமாக, முளைதானியத்தில் செய்து கடையில் விற்கிற மால்ட் பாகு டின்னைத் திறந்து வெந்நீரில் கலக்கி பீர் போடுகிறவள். தானியத்தை உடைத்து, ஊறல் போட்டு, அதில் இறங்கும் சாற்றைக் காய்ச்சுகிறவர்களுக்கு எங்களைக் கண்டாலே இளக்காரம்.

"தானியத்துலயே காய்ச்சறேன். அஞ்சு வாரம் பொறுங்க. குடிச்சுப் பாத்துட்டு ஆகாதுன்னா உங்க பீரையே ஊத்துங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றேன்.

"நீங்களாவது, வாய் தொறக்காம இருக்கறதாவது!" என்றார். மரேன் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

வெறும் வீறாப்பில் சொல்லவில்லை. மண்டபம் டெஸ்மர் வீட்டு உபயம். பாட்டு, சாப்பாடு, பூ எல்லாம் அவர்கள்தான். மரேனுக்கு நாலு வயதாகும்போது அவள் அப்பன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஊரிலுள்ள குழாயெல்லாம் பழுது பார்த்து அவளை வளர்த்தவள் நான். அவள் கல்யாணத்தில் என் கையால் செய்தது ஒன்றாவது இருக்க வேண்டாமா? விருந்தாளி மாதிரிப் போய்க் கைதட்டிவிட்டு வர என்னால் ஆகாது.

பார்லி ஏழு பவுண்டு, கோதுமைக்கு உறவான ரை தானியம் நாலு பவுண்டு வாங்கினேன். ஓர்வில் காய்ச்சுவதெல்லாம் வெறும் பார்லி. அவர் போடுவதையே நானும் போட்டால் அப்புறம் நான் எதற்கு? மேலும் மரேன் சின்ன வயதிலிருந்து ரை ரொட்டி தவிர வேறு ரொட்டியைத் தொட மாட்டாள்.

கடையில் இருந்த பெண் நல்ல மனசோடுதான் சொன்னாள்: "ரை பசை மாதிரி ஒட்டிக்கும். உமி கலந்தாத்தான் சாறு இறங்கும், கூட ஒரு பவுண்டு வாங்கிக்குங்க."

"உமியைக் காசு குடுத்து வாங்கறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிப்ரவரிக் குளிரில், கார் ஷெட்டுக் கதவைத் தூக்கிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். கூப்பிடாமலே ஓர்வில் வந்து நின்றார், கையில் மடக்கு நாற்காலி, காப்பி பிளாஸ்க்.

"சாட்சி வேணும்ல?" என்றார்.

"உக்காருங்க. பாத்தாவது கத்துக்குங்க."

ஊறல் போட எனக்குக் கிடைத்தது, மீன் பிடிக்கப் போகும்போது கொண்டுபோகும் பெரிய ஐஸ் பெட்டி. அடியில் சல்லடைத் தட்டை வைத்து, பக்கத்தில் ஒரு குழாயை நானே பொருத்தியிருந்தேன். வெந்நீரை ஊற்றி, உடைத்த தானியத்தைக் கொட்டித் துடுப்பால் கிளறினேன். நூற்று ஐம்பத்திரண்டு டிகிரி பாரன்ஹீட்டில் நிற்க வேண்டும், நின்றது. ஓர்வில் எழுந்து வந்து தெர்மாமீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்று மட்டும் சொல்லிப் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் மூடி வைத்தேன். ஷெட்டு முழுக்கக் கஞ்சி வாசனை.

அப்புறம்தான் அந்தக் கூத்து. சாறு இறக்கக் குழாயைத் திறந்தேன். முழுசாகத் திறந்தேன். முப்பது வருடப் பழக்கம்: வால்வு என்றால் ஒன்று முழுக்கத் திறக்க வேண்டும், இல்லை முழுக்க மூட வேண்டும், பாதியில் நிறுத்தினால் சீக்கிரம் தேய்ந்து போகும். என்னிடம் வேலை கற்றவர்கள் எல்லோரையும் இதைச் சொல்லித்தான் திட்டியிருக்கிறேன்.

சாறு குபுகுபுவென்று வந்தது. நான் ஓர்வில் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். பார்த்து முடிப்பதற்குள் அது நூலாகி, சொட்டாகி, நின்றே போனது.

"உமி போட்டீங்களா?" என்றார் ஓர்வில்.

"இல்ல."

"ரைக்கு உமி போடலையா! ஐயோ சம்பந்தி!" அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "வண்டியில ஒரு பை இருக்கு. கேளுங்க, தரேன். ஆனா வாயத் தொறந்து கேக்கணும்."

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

பெட்டியில் பதினோரு பவுண்டு தானியம் களிமண்ணாக உட்கார்ந்திருக்கிறது. இதைக் கொட்டினால் மரேன் கல்யாணத்தில் ஓர்வில் பீரைக் கையில் வைத்துக்கொண்டு இளித்தபடி நிற்க வேண்டியதுதான். துடுப்பை எடுத்து மேலிருந்து குத்தப் போனேன். கை தானாக நின்றது. அடேங்கப்பா, அடைத்த குழாயை மேலிருந்து குத்துவேனா நான்? குத்தினால் இன்னும் இறுகத்தான் செய்யும். நான் ஒரேயடியாகத் திறந்ததில் மாவெல்லாம் சல்லடையோடு போய் அப்பிக்கொண்டது. வந்த வழியாகவே தள்ளினால் விட்டுக்கொடுக்கும்.

வெந்நீர்ப் பானையை ஏணி உச்சியில் ஏற்றினேன். அதிலிருந்து ரப்பர் குழாயை இறக்கி, பெட்டியின் அடிக் குழாயில் மாட்டினேன்.

"என்ன பண்றீங்க?" ஓர்வில் எழுந்துவிட்டார்.

"அடைப்பு எடுக்கறேன். என் பொழப்பே அதுதான?"

வெந்நீர் அடியிலிருந்து ஏறியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தானியம் லேசாக அசைந்தது, நடுவில் ஒரு குமிழ், ஓரத்தில் நாலு குமிழ், மொத்தமும் பொலபொலவென்று மிதந்து எழுந்தது. குழாயை மூடி, ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் படிய விட்டேன். இந்த முறை குழாயைக் கால் திருகுதான் திறந்தேன். முழுசாகத் திறக்கச் சொல்லி முப்பது வருடப் பழக்கம் கையைப் பிடித்து இழுத்தது, நான் விடவில்லை. சாறு பென்சில் கனத்துக்கு வந்தது, வந்துகொண்டே இருந்தது. கலங்கலாக வந்த முதல் ஜாடியை மறுபடி மேலேயே ஊற்றினேன். முழுதும் இறங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் ஓர்வில் பெட்டிக்குப் பக்கத்திலேயே குனிந்து நின்றார். நாற்காலியையும் காப்பியையும் மறந்தே போனார்.

கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் காய்ச்சி, ஆற்றி, ஈஸ்ட் தூவி மூடினேன். சொன்ன கெடு முடிந்த அன்றைக்கு என் சமையலறை மேசையில் ஓர்விலுக்கு ஒரு கிளாஸ் ஊற்றி வைத்தேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கலங்கல்."

"ரை அப்படித்தான்."

மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். கிளாஸைக் காலி செய்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். கல்யாண விருந்து அட்டை, சரிபார்க்க அச்சகம் அனுப்பிய மாதிரிப் படி. கோழி, உருளைக்கிழங்கு, கேக், அதற்குக் கீழே: 'பீர்: ஓர்வில் டெஸ்மர்.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "குடிக்கறதுக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதியாச்சா? நான் என்ன கிறுக்கியா, இத்தனை நாள் நாய் மாதிரி உழைச்சேனே!"

"எழுதிட்டேன். தப்புத்தான்" என்றார். பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்தார். பெரிய எழுத்தில் மெதுவாக எழுதினார்: 'பீர்: மணமகளின் அம்மா, ஆர்லிஸ் நோவாட்னி.'

அட்டையை என் பக்கம் தள்ளினார். எனக்குக் கண்ணீர் முட்டி எழுத்து மறைத்தது.

"கல்யாணத்துக்கு முப்பது கேலன் வேணும், உங்க பானை பத்தாது" என்றார். "என் ஷெட்டுக்கு வாங்க, பெரிய பானை இருக்கு. காய்ச்சறது நீங்க. பாத்திரம் கழுவறது நான்."

எங்கள் சங்கத்தில் யாரும் இன்னொருத்தர் பாத்திரத்தைக் கழுவ மாட்டார்கள். அவர் தன்னுடையதையே ஆண்டர்ஸிடம்தான் தள்ளுவார்.

"சல்லடைத் தட்டையும் தேய்ச்சுக் கழுவணும்" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"கழுவறேன் சம்பந்தி" என்றார்.