இல்லாத குறை

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அந்த மூவரும். கல்யாணத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒன்றாக ஊரில் இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்ட தையல்காரி, முன்னறையில் வெட்டிப் போட்டிருந்த துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்தாள். நர்ஸாக வேலை பார்ப்பவள் முதலில் வந்தாள். கடைசியாக வந்தவளைப் பார்த்ததும் இருவரும், "வாடி பொடிசு" என்றார்கள். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

சிரிப்பெல்லாம் கொஞ்ச நேரம்தான். புருஷன் குடித்துவிட்டு வந்து தையல் மிஷினைத் தூக்கித் தெருவில் போட்டதைத் தையல்காரி சொன்னாள். "என்னோடது குடிக்காது. பேசவும் பேசாது. எங்களுக்குள்ள பேச்சு நின்னு ஒரு வருஷமாச்சு" என்று நர்ஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் வீட்டுக்காரர் எப்படிடி?"

பொடிசு பாயின் கோரையைப் பிய்த்தாள். வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவர், பிள்ளைகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவளைக் காலையில் பஸ் ஏற்றிவிட்டிருந்தார். அதை இப்போது சொல்வது பசியோடு இருப்பவர்கள் முன்னால் ஏப்பம் விடுகிற மாதிரி இருந்தது.

"எல்லா வீட்டுலயும் அதே கதைதான்" என்றாள்.

தையல்காரி நெருங்கி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி பொடிசுக்கு வேண்டியிருந்தது. வாயில் வந்துவிட்டது: "போன மாசம் கை ஓங்கிட்டார்."

சாயங்காலம், பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு அவளைக் கூட்டிப்போக அவர் பைக்கில் வந்தார். தையல்காரி வாசலுக்கே போய்விட்டாள்.

"அண்ணே, ஒரு வார்த்தை. கை ஓங்கற வேலையெல்லாம் இனிமே வேண்டாம். கேக்க ஆளில்லாதவன்னு நெனைக்காதீங்க."

அவர் பொடிசைப் பார்த்தார். அவள் செருப்பு மாட்டுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"சரிம்மா, இனிமே நடக்காது" என்றார்.

ஊரைத் தாண்டியதும் அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"நான் எப்பவாவது அப்படிச் செஞ்சிருக்கேனா? கோவத்துல, எனக்கே தெரியாம?"

அவர் திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"இல்லங்க. பொய் சொல்லிட்டேன். அவங்க ரெண்டு பேரும் அழுதாங்க. எனக்கு அழறதுக்கு ஒண்ணும் இல்ல."

"குறட்டை விடறேன்னு சொல்லியிருக்கலாமே" என்றார். சிரிக்கவில்லை.

"வண்டியத் திருப்புங்க."

தையல்காரியும் நர்ஸும் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். பொடிசு வண்டியிலிருந்து இறங்கி வேகமாக அருகே போனாள்.

"அவர் என்னை அடிச்சதும் இல்ல, கை ஓங்கினதும் இல்லடி. சும்மா சொல்லிட்டேன்."

தையல்காரி அவள் தோளுக்கு மேலாக, வண்டியில் காத்திருந்தவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அவர்தான் சொல்லச் சொல்லிக் கூட்டிட்டு வந்தாரா?"

"சத்தியமா இல்லடி."

"மிஷின் கால் தடுக்கி விழுந்துச்சுன்னு எங்கம்மாகிட்ட நானும் இப்படித்தான் சத்தியம் பண்ணேன்."

நர்ஸ் அவள் முதுகைத் தடவினாள். "எந்நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு, சரியா?"

பொடிசு இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அவர்கள் கண்ணில் இரக்கம்தான் கூடியது. திரும்பி வந்து வண்டியில் ஏறினாள்.

"சொல்லிட்டியா? நம்பினாங்களா?"

"ம்."

"நல்ல பிள்ளைங்க. உன் மேல உசுரா இருக்காங்க" என்று நிம்மதியாக வண்டியைக் கிளப்பினார். அவர் தோளில் வைத்திருந்த தன் கையை அவள் மெல்ல எடுத்துக்கொண்டாள்.