குழாய்க்குக் கட்டிய துணி

நடுத்தெருவுக்குக் குழாய் வந்ததற்கு முழுக் காரணம் ஆவுடைத்தாய்தான். இதை யாரும் மறுத்ததில்லை. மறுக்க அவள் விட்டதும் இல்லை. மேலத்தெருவில் கவுன்சிலர் சீனிவாசகம் வீட்டு வாசலில் குழாய்க்குக் குழி தோண்டியபோது, குடமும் கையுமாகப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் குழிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்தவள் அவள். சிவகாசி வெயிலில் உச்சிப்பொழுது வரை அசையவில்லை. கடைசியில் குழாய் நடுத்தெருவுக்கு வந்தது, அதுவும் அவள் வீட்டுக்கு நேர் எதிரே.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஆமத்தூரில் அவள் பிறந்த வீட்டுக் கிணறு சுத்த உப்பு. பருப்பு வேகாது, சவுக்காரம் நுரைக்காது. நல்ல தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர்.

அப்படிப்பட்டவள் குழாயைச் சும்மா விடுவாளா? வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டு விளக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, குழாய் வாயில் துணி கட்டுவாள். துணி கட்டாத குழாயில் பிடித்த தண்ணீரை அவள் தண்ணீர் என்றே சேர்த்துக்கொள்வதில்லை. முதலில் பழைய வேட்டிக் கிழிசலைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். தீபாவளி சீசன் முடிந்ததும் அதைவிட ஒசத்தியான துணி கிடைத்தது. அவள் புருஷன் ரத்தினசாமி பட்டாசு கம்பெனியில் மேஸ்திரி. அங்கே கழித்துப் போட்ட துணியில் ஒரு கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். காற்றுகூடக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழையும், அவ்வளவு நெருக்கமான நெசவு. இரண்டு தடவை துவைத்துக் காயவைத்து, பத்திரமாக மடித்து வைத்து, வெள்ளிக்கிழமை அதில் ஒன்றைக் குழாய்க்குக் கட்டினாள்.

அந்த வாரம்தான் வினையும் வந்தது. அடுத்த வீட்டுப் பத்திரகாளி குடத்தை இறக்கி வைத்து எட்டிப் பார்த்தாள். தண்ணீர் மேல் பளபளவென்று வெள்ளிப்பொடி மிதந்தது.

"மதினி, இங்கன வந்து பாருங்க. இது கம்பெனிப் பவுடருல்லா?"

சிவகாசியில் அலுமினியப் பொடியை அடையாளம் காட்ட ஆள் வேண்டியதில்லை. கம்பி மத்தாப்பு மின்னுவது அதனால்தான் என்று தெரியாத வீடு கிடையாது. எவனோ ஒரு கம்பெனிக்காரன் தண்ணீர்த் தொட்டியில் பவுடரைக் கொட்டிவிட்டான் என்று அரை மணி நேரத்தில் தெருவே முடிவு கட்டிவிட்டது.

"உலையை அடுப்புல வைக்காதீக," என்றாள் பத்திரகாளி. "படார்னு கிளம்பிரப் போவுது."

சிரித்தார்கள், ஆனால் அன்று பாதி வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆவுடைத்தாய் மட்டும் கலங்கவில்லை. பவுடர் வருகிறதா, இன்னும் ஒரு மடிப்புத் துணி கட்டினால் போயிற்று என்று கட்டினாள். பளபளப்பு கூடியது. மூன்றாவது மடிப்பும் போட்டாள். குடத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போல் ஆகிவிட்டது.

சேதி சீனிவாசகம் காதுக்குப் போனது. அவர் இதற்குத்தானே காத்திருந்தார்? சுகாதார இன்ஸ்பெக்டர் லட்சுமிகாந்தத்தைக் கையோடு அழைத்துக்கொண்டு, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார்.

"பைப்பு போற வழியே சரியில்ல சார். இங்கன புடுங்கிட்டு மேலத்தெருவுல போட்டாத்தான் தோது."

ஆவுடைத்தாய் குழாயை ஒட்டி வந்து நின்றுகொண்டாள். திரும்பவும் உப்புத் தண்ணீரா? ஆனாலும் வந்தது அதிகாரி. அவருக்கு மரியாதை செய்ய வேண்டாமா? உள்ளே ஓடிப்போய், அதே கட்டிலிருந்து அதுவரை பிரிக்காத துணி ஒன்றை எடுத்து வந்து, பழைய மடிப்புகளை அவிழ்த்துவிட்டுத் தன் கையாலேயே கட்டினாள்.

"இப்பப் பிடிங்க ஐயா. சுத்தமா வரும்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடி பாட்டிலைப் பிடித்தார். பாட்டில் முழுக்கக் கார்த்திகைத் திருநாள். குழாயை மூடிவிட்டு, பையிலிருந்து அரக்கையும் நூலையும் எடுத்தார், குழாய்க்குச் சீல் வைக்க.

ஆவுடைத்தாய் தலையில் கை வைக்கப் போனவள், பாதியில் நிறுத்தினாள். விரல்கள் மின்னின. இந்த மினுக்கம் அவளுக்குப் பழக்கமானதுதான். தினமும் சாயங்காலம் ரத்தினசாமி கை கழுவச் செம்பில் தண்ணீர் ஊற்றும்போது பார்ப்பது.

சலித்த துணி. கம்பெனியில் பவுடர் சலித்த துணி.

அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானத்தை அவள் பட்டதில்லை. தெருப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரில் தானே கலந்து, தானே கட்டி, தானே காவலும் இருந்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டால் பழி தொட்டிக்குப் போகும். குழாய் மேலத்தெருவுக்குப் போகும். வாயைத் திறந்தால் மானம் போகும். போனால் போகட்டும் என்று முடிவு செய்தாள்.

"ஐயா, சீல் வைக்காதீக. தண்ணி மேல குத்தமில்ல. குத்தம் என் மேல."

சொல்லிக்கொண்டே துணியை உருவி, இதில் பவுடர் உண்டா இல்லையா பாருங்கள் என்று பட்டென்று உதறினாள். உதறிய பக்கம் சீனிவாசகம் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை வெள்ளிச் சட்டை ஆயிற்று. மீசையிலும் கொஞ்சம். பத்திரகாளி முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. தெரு மொத்தமும் சிரித்தது.

இன்ஸ்பெக்டர் குழாயை நன்றாகக் கழுவச் சொல்லி, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, இன்னொரு பாட்டிலைப் பிடித்தார். கண்ணாடி எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை.

"யாருக்காவது வயித்துக் கோளாறு உண்டா?" என்று விசாரித்தார். ஒருவருக்கும் இல்லை. "பிடிச்சு வச்சதையெல்லாம் கொட்டிட்டுக் குடத்தை நல்லா வெளக்குங்க. யாருக்காவது ஏதாச்சும் செஞ்சா உடனே ஆசுபத்திரிக்கு வந்திரணும். தொட்டியில நாங்க ஒரு பவுடர் போடுதோம்மா, கிருமி சாகுறதுக்கு. அதுக்கு மேல நீங்க ஒரு பவுடர் போட வேண்டாம்."

ஆவுடைத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். குழாய் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

மறுநாள் தண்ணீர் திறந்ததும் முதல் ஆளாகக் குடத்தோடு வந்தாள். பத்திரகாளி குறுக்கே நின்றாள்.

"மதினி, கையக் காட்டுங்க."

ஆவுடைத்தாய் முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். காட்டியதோடு விட்டாளா? "நீ காட்டு பாப்போம்," என்றாள். பத்திரகாளியும் கம்பெனியில் திரி வைக்கிறவள்தான், உள்ளங்கை கருமருந்து. போய்க் கழுவிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து கையைக் காட்டாமல் நடுத்தெருக் குழாயை யாரும் தொட முடியாது என்றாகிவிட்டது. பார்த்து விடுகிற வேலை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் ரத்தினசாமி வேலை முடிந்து தாகத்தோடு வந்தார். நேரே குழாயடிக்குப் போய்த் திருகில் கை வைக்கப் போனார். கூட்டம் மொத்தமும் ஆவுடைத்தாயைப் பார்த்தது.

அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள்.

"கையக் காட்டுங்க."